எல்லாம் பாஸ்

அவள் எந்தப் பொருளையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். தட்டு, செருப்பு, மாம்பழம், எவர்சில்வர் தூக்கு, பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையின் பாதம், எதுவானாலும் சரி. "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கும் அக்கா. குறை அடியிலதான் ஒளிஞ்சிருக்கும்" என்பாள். பார்த்து முடித்ததும் ஒரே சொல். பாஸ். இல்லையென்றால் ரிஜெக்ட். இரண்டுக்கும் நடுவில் அவளிடம் ஒரு சொல் கிடையாது.

அவளை நான் முதலில் பார்த்தது தேக்கா சந்தையில், எங்கள் ஆட்டிறைச்சிக் கடையில். நானும் என் வீட்டுக்காரரும் நடத்திய கடை. அவர் வெட்டுவார், நான் பணம் வாங்குவேன் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். வெட்டுவது நான். எனக்கு எழுத்தும் கணக்கும் வராது, அவருக்கு எலும்பு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தொழிற்சாலைச் சட்டையோடு ஒருத்தி வந்தாள். ஒல்லி உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. தொங்கிக்கொண்டிருந்த தொடையைத் திருப்பினாள். வெட்டி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஏம்மா, கறி வாங்க வந்தியா, கறிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தியா?"

அவள் நிமிரவே இல்லை. "மாப்பிள்ளையா இருந்தா இந்நேரம் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். கறி பாஸ். ஒரு கிலோ போடுங்க அக்கா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் பொட்டலத்தில் ஈரல் துண்டு ஒன்றைச் சும்மா சேர்த்துக் கட்டினேன். அத்தனை வருஷத்தில் என் கறியை அடிவரை பார்த்து நல்லது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பார்க்காமலே வாங்கிப் போனார்கள்.

மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே, எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் ஆகவில்லை. தனியாக இருந்தாள். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற வட்டத் தகடுகளைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. க்யூசி என்பார்கள். புளோக்கில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அவள் க்யூசிதான். அவள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே வேண்டாம்.

என் மகன் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க அவளையும் கூட்டிப் போனேன். கடைக்காரர் விரித்துப் போட்டதும் இவள் புடவையைப் புரட்டி, பின்பக்கத்து ஜரிகையில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். முந்தானைக்குக் கிட்டே விரல் நின்றது.

"இங்க ஒரு இழை விட்டிருக்கு. ரிஜெக்ட்."

"அது கண்ணுக்கே தெரியாதும்மா."

"என் கண்ணுக்குத் தெரியுதே."

அன்றைக்குக் கடையில் இருந்த பாதிப் புடவைகள் புரண்டன. கடைசியில் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அடுத்த தடவை மருமகளைக் கூட்டிட்டு வாங்க, மாமியாரைக் கூட்டிட்டு வாங்க, யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க. இவங்க மட்டும் வேணாம் லா" என்றார். வழி நெடுக அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். பல்லில் ஒன்று குறுக்கே வளர்ந்திருக்கும். அதுவும் ரிஜெக்டாம்.

ஒருநாள் ஜாலான் புசாரில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது தொழிற்சாலைக் கதை ஒன்று சொன்னாள். சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆள் வந்து சோதிப்பார்களாம். பெட்டியைத் திறந்து இரண்டு மூன்று எடுத்துப் பார்ப்பார்கள். எப்போதும் மேலிருந்துதான் எடுப்பார்கள். அது தெரிந்து, சில லைன்களில் நல்ல தகடுகளை மேலே அடுக்கிவிடுவார்களாம்.

"நீயும் அடுக்கியிருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? என் பெட்டியில எங்க கைய விட்டு எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் அக்கா. ஆனா ஒண்ணு. நான் அடுக்கினா எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் எதைத் தேடுவான்னு எனக்குத் தெரியும்ல."

அப்புறம் அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மூடும்போது அங்கே வேலை செய்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு, படம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். காத்தோங்கில் இருக்கும் அவள் அக்கா, "எங்க வீட்டுக்கு வந்துடு" என்று கூப்பிட்டும் அவள் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக லிஃப்டில் அவளைப் பார்ப்பது குறைந்தது. வீட்டு ஜன்னல் பகலிலும் மூடியே இருந்தது. அதே காலத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். கடையை விட்டுக் கொடுத்தேன். யார் ஜன்னல் மூடியிருக்கிறது என்று பார்க்க எனக்கு அப்போது கண் இல்லை.

சோறு இறங்கவில்லை. சேலை இடுப்பில் நிற்கவில்லை. மகன் என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மனசுக்குப் பார்க்கிற பிரிவு என்று இறங்கின பிறகுதான் சொன்னான். அங்கே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களுமா அக்கா?"

"முட்டி வலி" என்றேன்.

"முட்டி மூணாம் மாடி அக்கா. இது வேற மாடி." வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு டிப்ரஷன். மனச்சோர்வு. ரொம்ப நாளா இருக்கு."

சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குத்தான் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியிருந்தது, தெரிந்தவர் யாராவது கேட்டுவிட்டார்களா என்று. அன்றிலிருந்து நாங்கள் ஒரே நாளில் வருவதற்கு வைத்துக்கொண்டோம். மகன் வேலைக்குப் போக, நானும் அவளும் ரயிலில் வந்து போவோம்.

அங்கே ஒரு தமிழ்ப் பெண், படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவள், ஒவ்வொருவரையும் சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். மனச்சோர்வு வந்தவர்கள் தங்கள் நோயைத் தாங்களே எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று அளப்பதுதான் அவள் வேலை. பத்துக்கு எத்தனை என்று நாம் சொல்ல வேண்டும். அவள் கையிலிருக்கும் கம்ப்யூட்டர் பலகையில் தட்டிக்கொள்வாள். நல்ல பெண். பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பாள்.

"ஆண்ட்டி, உங்க நோய் உங்களுக்கு எவ்வளவு புரியுது? சுத்தமா புரியலன்னா சைபர். நல்லா புரியுதுன்னா பத்து."

"நோயே இல்லங்கிறேன். புரியுதான்னு கேட்டா?"

"அப்போ எதுக்கு ஆண்ட்டி இங்க வர்றீங்க?"

"மகன் கார்ல ஏத்திட்டான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி. இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மூணு காரணம் சொல்லுங்க."

"ஒண்ணுதான். அவர் செத்துட்டார். மத்த ரெண்டை நீயே போட்டுக்க. எண் ஏதாச்சும் போடறதா இருந்தா எட்டு மட்டும் போடாதே, அது சனி."

"ஐயோ ஆண்ட்டி, என்கிட்ட வர்ற தமிழ் ஆண்ட்டிங்க யாருமே எட்டு சொல்ல மாட்டேங்கிறீங்க. சீன ஆண்ட்டிங்க அதிர்ஷ்டம்னு எட்டை விட மாட்டேங்கிறாங்க. நான் என்ன லா பண்றது?"

வெளியே வந்ததும் க்யூசி என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னீங்க?" சொன்னேன். "அக்கா, நீங்க ஃபெயில். அப்படியெல்லாம் சொன்னா அவங்க உங்களை விடவே மாட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

விரலை மடக்கிச் சொன்னாள். மூளையில் சுரக்கிறது குறைந்துவிட்டது. வேலை போனது. அவள் அம்மாவுக்கும் இருந்தது. மூன்று கேட்டால் மூன்று. மாத்திரை வேலை செய்ய நாளாகும், பாதியில் நிறுத்தக்கூடாது. இது நம்முடைய தப்பு இல்லை, வியாதி. எல்லாம் ஒழுங்காக, சட்டை மடித்து வைத்த மாதிரி. "ஒரு கேள்விக்கு எட்டு சொன்னேன் அக்கா. அந்தப் பொண்ணு ஒரு மாதிரியா பார்த்துச்சு."

"ஏண்டி எட்டு சொன்னே?"

"அதனால இப்போ என்ன?"

அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. துணிச்சலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சும்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் தெளிந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜன்னல் திறந்தது. தலை வாரினாள். லிஃப்டில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். அவள் அக்கா எனக்குப் போன் போட்டு, "இப்பல்லாம் அவ சண்டையே போடறதில்ல அக்கா, நான் என்ன சமைச்சுக் கொண்டாந்தாலும் சாப்பிடறா" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், அந்த வெண்டைக்காயைப் பார்க்கும் வரை.

மார்சிலிங் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பையை வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் முத்தல். நுனியை உடைத்தால் உடையாது, வளையும். கடைக்காரன் கழித்துப்போட வைத்திருந்ததை அள்ளிக் கொடுத்திருக்கிறான்.

"என்னடி இது? உடைச்சுப் பார்க்கலயா?"

"பாஸ் லா அக்கா" என்றாள்.

நான் சிரித்துவைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கோப்பிக் கடையில் அவளுக்குச் சீனி இல்லாத கோப்பிதான். ஒரு சொட்டுச் சீனி இருந்தாலும் கடைக்காரனைக் கூப்பிட்டு வைவாள். அன்றைக்குப் பால் ஊற்றி, சீனி போட்டு, ஆறிப்போனதைக் கொண்டுவந்து வைத்தான். எடுத்துக் குடித்தாள். முகம் மாறவில்லை. தேக்காவில் ஒரு கடையில் புடவை வாங்கினாள், விரிக்கச் சொல்லக்கூட இல்லை. மடிப்போடு பையில் போட்டுக்கொண்டாள். கூறைப்புடவை எடுத்தபோது இருந்த அதே கடைக்காரர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார், தப்பித்தேன் என்று.

"திருப்பிப் பாருடி" என்றேன்.

"எதுக்கு அக்கா? எத்தனை நாளைக்கு?"

தெருவில் அவ்வளவு கூட்டம். பூக்கடையில் பாட்டு. நான் அவள் பையை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தி வீட்டுக் கதையை இன்னொருத்தி காதில் போடுகிறவள் இல்லை நான். சந்தையில் அத்தனை வருஷம் நின்றவளுக்கு எத்தனை வீட்டுக் கதை வந்து சேர்ந்திருக்கும். ஒன்றும் என் கடையைத் தாண்டிப் போனதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அவளிடமே கேட்டேன். "உன் மனசுல என்ன வச்சிருக்கே? எங்கிட்ட சொல்லு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என் வியாதி நல்லாப் புரியுது அக்கா, நீங்க பயப்படாதீங்க" என்றாள். அந்தப் பெண்ணிடம் சொன்னதை அன்றைக்கு விரல் மடக்கிச் சொல்லிக் காட்டிய அதே குரல். அப்போது தெரிந்துவிட்டது எனக்கு. நல்லதை மேலே அடுக்கி வைத்திருக்கிறாள்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அவள் கேள்வியை முடித்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனாள். இனிமேல் அடிக்கடி வர வேண்டியதில்லை என்று அன்றைக்குச் சொல்லப் போகிறார்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறாள். ரயிலிலேயே சொன்னாள். நான் அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஆண்ட்டி, இன்னிக்காவது மூணு காரணம் சொல்வீங்களா?"

"என்னுது இருக்கட்டும். இப்போ போனாளே, அவளைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"மத்தவங்களைப் பத்தி நான் பேசக் கூடாது ஆண்ட்டி."

"நீ பேசாதே. கேளு."

வெண்டைக்காயைச் சொன்னேன். கோப்பியைச் சொன்னேன். புடவையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, காய் வாங்கத் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் வந்து புகார் சொல்கிறாளே கிழவி என்று நினைக்கப் போகிறாள். ஆனால் அந்தப் பெண் பலகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து ஆண்ட்டி?"

"ஜன்னலைத் திறந்த நாள்லேர்ந்து."

"அவங்க புரிதல் ரொம்ப நல்லா இருக்கே..." என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"வழி நல்லாத் தெரிஞ்சவங்கதாம்மா யாரையும் கேக்காமப் போவாங்க."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. ஓடவில்லை, ஆனால் நடக்கவும் இல்லை. டாக்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. அழுகை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பின்னால் அவள் அக்கா சொல்லித்தான் தெரியும். டாக்டர் சுற்றி வளைக்காமல், "உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டாராம். அதுவரை எதற்கும் டக்கென்று பதில் சொன்னவள், அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லையாம். காத்திருந்தார்களாம். அப்புறம், "வர்ற வெள்ளிக்கிழமை" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாளாம்.

அன்றைக்கே வார்டில் வைத்துக்கொண்டார்கள். தாதி ஒருத்தி பக்கத்தில் வர, அவளை என் முன்னால்தான் கூட்டிப் போனார்கள். நின்றாள். என்னைப் பார்த்தாள். என் கறியைப் பார்த்த அதே பார்வை.

"என்னைத் திருப்பிப் பார்த்துட்டீங்கள்ல?" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

வார்டுக்குப் பார்க்கப் போனேன். பார்க்க விருப்பம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வெளியே விட்ட பிறகு காத்தோங்குக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மார்சிலிங் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அந்த அக்கா மட்டும் எனக்குப் போன் போடுவாள். "இப்பவும் அந்தப் பொண்ணு வந்து கேள்வி கேக்குது. முன்ன மாதிரி இல்ல. எதைக் கேட்டாலும் தெரியலங்கிறா. எதனால வந்துச்சு, தெரியல. எத்தனை நாள் இருக்கும், தெரியல. மோசமாயிட்டாளோன்னு பயமா இருக்கு அக்கா."

"தெரியலன்னா சொல்றா?" என்றேன். "சொல்லட்டும். அப்படியே சொல்லட்டும்."

"உங்க பேரை எடுத்தா எழுந்து உள்ள போயிடறா."

"போகட்டும்."

என்னிடமும் அந்தப் பெண் இன்னும் கேட்கிறாள். போன தடவை மூன்று என்றேன். பத்துக்கு மூன்று. அவள் பலகையில் தட்டாமல், "மூணா ஆண்ட்டி?" என்றாள்.

வெள்ளிக்கிழமை தோறும் நான் காத்தோங் போகிறேன். மார்சிலிங்கிலிருந்து அது ஊரின் மறு கோடி. முட்டிக்கு உண்மையாகவே வலி வந்துவிட்டது. பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்த வீட்டுக்கு நடப்பேன். காலையில் அந்த அக்கா வேலைக்குப் போயிருப்பாள். அக்கா புருஷன் உள்ளே எங்கேயோ ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்குக் காது மந்தம். இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று, "நான்தான்" என்பேன். பதில் வராது. ஆனால் கொஞ்ச நேரத்தில் உள்ளே செருப்புச் சத்தம் வரும். மரக் கதவு வரைக்கும் வந்து நிற்கும். திறக்காது. அதைக் கேட்டதும் நான் பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை நான். கடன்காரன் வாசலிலும் நின்றதில்லை, பிள்ளைகள் வாசலிலும் நின்றதில்லை. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

இந்த வெள்ளிக்கிழமை சத்தம் வரவில்லை. "நான்தான்" என்றேன். மறுபடி சொன்னேன். ரேடியோவும் இல்லை. வெயில் என் காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. கேட்டைப் பிடித்து ஆட்டினேன். கிழவர் எழுந்து நின்று பார்த்தார். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், முழுப் பெயரையும், தெருவே கேட்கிற மாதிரி.

கதவுக்குப் பின்னாலிருந்து, மிகக் கிட்டத்திலிருந்து, குரல் வந்தது. அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறாள், செருப்பு இல்லாமல்.

"போயிட்டீங்களான்னு பார்த்தேன்."

"போகல" என்றேன்.